கம்பியில்லா இணைப்பு: பொருத்துவதும் பூட்டுவதும்

மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சாமராஜநகர் தனி மாவட்டமானது 1997ஆம் ஆண்டில். கணினிகள் கம்பியின்றி ஒன்றோடொன்று உரையாடுவதற்கான முதல் உலகப் பொதுத்தரம் வெளியானதும் அதே ஆண்டில்தான். ஒன்றையொன்று அறியாத இவ்விரண்டும் இன்று இம்மாவட்டத்தின் வீடுகளிலும் கடைகளிலும் சந்தித்துக்கொள்கின்றன. கொள்ளேகாலில் பட்டு நெய்யும் குடும்பமாயினும், குண்டல்பேட்டைப் பக்கம் மஞ்சள் வாணிபம் செய்பவராயினும், கருங்கல் ஏற்றுமதி அலுவலகமாயினும், கணக்குகள் பெரும்பாலும் மேசைக் கணினியிலேயே இருக்கின்றன. அக்கணினிகளுள் பல பழையவை. வைஃபை வசதி இல்லாதவை. இணையம் தரும் பெட்டியோ வீட்டின் முன்கூடத்தில் இருக்கும். கணினி பின்னறையில் இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே நிலைப்படியின் மேலும் சாளரத்தின் வழியாகவும் ஒரு கம்பி தொங்கிக்கொண்டிருக்கும்.

அக்கம்பியை நீக்க உதவும் சிறு கருவிதான் கம்பியில்லா வலையமைப்பு அடாப்டர். சுருக்கமாக வைஃபை அடாப்டர் என்கிறோம். இதனைப் பொருத்துவதற்குப் பொறியாளர் தேவையில்லை. பொறுமையுள்ள எவரும் அரைமணி நேரத்தில் செய்து முடிக்கலாம். ஆயினும், ஒன்றை முதலிலேயே நினைவிற்கொள்வது நன்று. கம்பி தகவலைக் கொண்டுசெல்லும் வழியாக மட்டும் இருக்கவில்லை. அது ஒரு வேலியாகவும் இருந்தது. கம்பியைத் தொட வேண்டுமானால் வீட்டுக்குள் நுழைய வேண்டும். வானொலி அலைக்கோ சுவர் தடையன்று. அது தெருவரை செல்லும். ஆகவே, கம்பியை நீக்குபவர் அந்த வேலியை வேறு வகையில் மீண்டும் அமைத்தாக வேண்டும். அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பவருக்கு இது இன்னும் பொருந்தும். பொருத்துதல், பூட்டுதல் ஆகிய இரண்டையும் இப்பாடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

அடாப்டர் செய்வது என்ன?

1895ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் ஒரு சோதனையைப் பொதுமக்கள் முன் நிகழ்த்திக் காட்டினார். அவர் உண்டாக்கிய கண்ணுக்குப் புலனாகாத அலைகள் சுவரைக் கடந்து சென்று தொலைவிலிருந்த ஒரு மணியை ஒலிக்கச் செய்தன, வெடிமருந்தைக் கொளுத்தின. இன்றைய வைஃபையும் அத்தகைய அலைகளையே பயன்படுத்துகிறது. கணினியில் உள்ள தகவலை அலையாக மாற்றி ரூட்டருக்கு அனுப்புவதும், ரூட்டரிலிருந்து வரும் அலையைத் தகவலாக மாற்றிக் கணினிக்குத் தருவதுமே அடாப்டரின் பணி.

இங்கு ஒரு தெளிவு வேண்டும். அடாப்டர் இணையத்தை உண்டாக்குவதில்லை. அது கணினியை ரூட்டருடன் மட்டுமே இணைக்கிறது. ரூட்டருக்கு வெளியிலிருந்து இணையம் வந்தாக வேண்டும். இம்மாவட்டத்தின் பெரும்பகுதி காடு. பந்திப்பூரும், பிளிகிரி ரங்கன் மலையும், மாதேஸ்வரன் மலையும் இங்குதான் உள்ளன. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருவோர், வழியில் கைப்பேசியில் அலைவரிசை மறைவதையும் மீள்வதையும் கண்டிருப்பர். அலைவரிசை எட்டாத ஊரில் எவ்வளவு விலையுயர்ந்த அடாப்டரைப் பொருத்தினாலும் பயன் விளையாது. ஆகவே வாங்குவதற்கு முன் கைப்பேசியை ரூட்டருடன் இணைத்து, கைப்பேசியின் சொந்தத் தரவை நிறுத்திவிட்டு, ஏதேனும் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். பக்கம் திறந்தால் இணையம் வருகிறது. கணினிக்கு அடாப்டர் வாங்கலாம். திறக்கவில்லையெனில் முதலில் சேவை நிறுவனத்தை அணுக வேண்டும்.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பகுதியை உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005ஆம் ஆண்டில் அனுமதி வழங்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் அத்தகைய அனுமதி 2018ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்டது. வீட்டு வைஃபை பெரும்பாலும் இவ்விரு பகுதிகளிலேயே இயங்குகிறது. 2.4 பகுதியின் அலை தொலைவு செல்லும், சுவரையும் ஓரளவு எளிதாகக் கடக்கும்; ஆனால் அண்டை வீட்டாரின் கருவிகளும் அதிலேயே இருப்பதால் நெரிசல் மிகுதி. 5 பகுதியின் அலை விரைவானது, நெரிசல் குறைந்தது. ஆனால் தடித்த சுவரைக் கண்டால் விரைவில் தளர்ந்துவிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

அடாப்டர்கள் இருவகைப்படும். யுஎஸ்பி துளையில் செருகும் வகை ஒன்று. கணினிப் பெட்டியைத் திறந்து உள்ளே பொருத்தும் அட்டை வகை மற்றொன்று. பழகாதவர்க்கு முதல் வகையே ஏற்றது. அதிலும், விரல் நகம் அளவே உள்ளது கண்ணுக்கு அழகாயினும் அதன் அலைவாங்கி மிகச் சிறியது. ரூட்டர் வேறு அறையில் இருந்தால், வெளியே நீட்டிய அலைவாங்கி உள்ளதைத் தேர்வது நலம்.

அடுத்து, தலைமுறை. வைஃபை 4 என்பது 2009ஆம் ஆண்டுத் தரம். வைஃபை 5 என்பது 2013ஆம் ஆண்டுத் தரம். வைஃபை 6 அதற்குப் பின் வந்தது. பெட்டியின் மீது அச்சிட்ட வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டா. அது ஆய்வுக்கூடத்து உச்சவரம்பு. வீட்டில் அதில் பாதி கிடைத்தாலே நன்று. ஓர் எடுத்துக்காட்டு: ஒருவர் நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்புக்குக் கட்டணம் செலுத்துகிறார். அவர் வாங்கியதோ ஒற்றை அலைவாங்கியுடைய, 2.4 பகுதியில் மட்டும் இயங்கும் வைஃபை 4 அடாப்டர். நெரிசலான தெருவில் அதன் உச்சவரம்பே 72 மெகாபிட் அளவுதான். நடைமுறையில் 35 அல்லது 40 கிடைக்கும். மாதந்தோறும் செலுத்தும் கட்டணத்தில் பாதிக்கு மேல் வீணாகிறது. சில நூறு ரூபாய் கூடுதலாகச் செலவழித்து, இரு அலைப்பகுதிகளிலும் இயங்கும் வைஃபை 5 அல்லது 6 அடாப்டரை வாங்கியிருந்தால் அவ்விழப்பு நேர்ந்திராது.

பெயரும் முகவரியும் இல்லாத உறையில் விற்கப்படும் மலிவுக் கருவிகளைத் தவிர்ப்பது நன்று. விலைச்சீட்டுடன் வாங்க வேண்டும். உற்பத்தியாளரின் பெயர், மாதிரி எண், உங்கள் கணினியின் இயங்குதளத்துக்கு ஏற்றது என்னும் குறிப்பு ஆகிய மூன்றும் பெட்டியில் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். மாதிரி எண் ஏன் முதன்மையானது என்பதைச் சற்றுப் பின்னர் காண்போம்.

பொருத்தும் முறை

யுஎஸ்பி வகையாயின், கணினியை இயக்கி, அது முழுமையாகத் திறந்தபின் அடாப்டரைச் செருக வேண்டும். மேசைக் கணினியின் பின்புறத் துளைகள் தாய்ப்பலகையுடன் நேரடியாக இணைந்தவை. மின்சாரம் சீராகக் கிடைக்கும். ஆனால் பெட்டியின் பின்புறம் சுவரை ஒட்டி இருந்தால் உலோகப் பெட்டியே அலையை மறைத்துவிடும். அந்நிலையில் ஒரு முழ நீள யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியைப் பயன்படுத்தி அடாப்டரை மேசையின் மீது வைக்கலாம். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. நீல நிற யுஎஸ்பி 3 துளைகளும், அவற்றில் செருகிய வன்தட்டுகளும் இயங்கும்போது 2.4 பகுதியில் இரைச்சலை உண்டாக்குகின்றன. சற்றுத் தள்ளி வைத்தால் அவ்விரைச்சல் தணியும்.

உள்ளே பொருத்தும் அட்டையாயின், முதலில் கணினியை முறையாக நிறுத்தி, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். பின்னர் இயக்குபொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்சாரம் வடியும். பக்கத் தகட்டைக் கழற்றியபின், வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட வேண்டும். உடலில் தங்கிய நிலைமின்சாரம் நீங்கிவிடும். அட்டையை அதற்குரிய துளையில் நேராக வைத்து, இருபுறமும் சமமாக அழுத்தி, திருகால் இறுக்க வேண்டும். தகட்டை மூடியபின் அலைவாங்கிகளை வெளிப்புறத்தில் திருகிப் பொருத்த வேண்டும். அலைவாங்கியைப் பொருத்த மறந்துவிட்டு, அட்டை பழுது எனத் திருப்பிக் கொடுப்போரும் உண்டு.

டிரைவர்: சாவி பெட்டிக்குள் இருக்கும் சிக்கல்

கருவியைச் செருகியவுடன் கணினி அதனை அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு உதவும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். விண்டோஸின் அண்மைப் பதிப்புகள் பல அடாப்டர்களைத் தாமாகவே அறிந்துகொள்ளும். லினக்ஸ் இயங்குதளமும் அவ்வாறே பலவற்றை அறியும். அறியாதபோதுதான் சிக்கல் எழுகிறது. டிரைவரை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையத்துக்கோ அந்த டிரைவர் வேண்டும். பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே இருக்கும் நிலை இது.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பழைய கம்பியை ஒருமுறை மட்டும் மீண்டும் இணைத்துக்கொள்வது. இரண்டாவது, ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் சார்ஜ் செய்யும் கம்பியால் கணினியுடன் இணைத்து, கைப்பேசி அமைப்புகளில் ஹாட்ஸ்பாட் பகுதியில் உள்ள யுஎஸ்பி டெதரிங் என்பதை இயக்குவது. கைப்பேசியின் இணையம் கணினிக்கும் கிடைத்துவிடும். பின்னர் விண்டோஸ் அப்டேட் வழியாக டிரைவர் தானாகவே வந்துசேரக்கூடும். மூன்றாவது, வேறொரு கணினியில் டிரைவரை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவருவது.

எங்கிருந்து இறக்குகிறோம் என்பதில்தான் விழிப்பு தேவை. தேடுபொறியில் டிரைவர் என்று தேடினால் முதலில் வரும் பக்கங்கள் பல விளம்பரங்கள். இலவச டிரைவர் என்று அழைக்கும் தளங்களில் வேண்டாத மென்பொருள்களும், சிலவற்றில் விசைப்பலகையில் தட்டுவதைக் களவாக எழுதிக்கொள்ளும் நச்சுநிரல்களும் ஒட்டிக்கொண்டு வரும். அடாப்டர் பெட்டியில் அச்சிட்ட உற்பத்தியாளரின் இணையதளத்துக்கே நேராகச் சென்று, மாதிரி எண்ணைக் கொண்டு தேட வேண்டும். மாதிரி எண் முதன்மையானது என்று கூறியது இதனாலேதான். ஒரே பெயரில் உள்ளே வெவ்வேறு சில்லுகளுடன் பல பதிப்புகள் வெளிவருவதுண்டு. எண்ணுடன் உள்ள பதிப்புக் குறியையும் ஒப்பிட வேண்டும்.

தேடுபொறியில் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைப்பதிலும் அதே ஆபத்து உண்டு. டிரைவரை நாங்களே நிறுவித் தருகிறோம், உங்கள் திரையை எங்களுக்குத் திறந்துவிடுங்கள் என்று மறுமுனையில் ஒருவர் கூறி, ஒரு செயலியை நிறுவச் சொல்வார். அச்செயலியை நிறுவியவுடன் உங்கள் கணினி அவர் கைக்குச் செல்கிறது. அதன்பின் வங்கிப் பக்கத்தைத் திறந்தால், அதை அவரும் பார்த்துக்கொண்டிருப்பார். அறிமுகமற்ற எவருக்கும் திரையைத் திறந்துவிடலாகாது. டிரைவருக்காக எவரும் ஓடிபி கேட்பதில்லை.

நிறுவியபின் ஸ்டார்ட் பொத்தானை வலச்சொடுக்கி, டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்க்க வேண்டும். நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்னும் தலைப்பின் கீழ் கருவியின் பெயர் மஞ்சள் குறியின்றித் தோன்றினால் வேலை முடிந்தது. மஞ்சள் குறி இருந்தால் டிரைவர் பொருந்தவில்லை என்று பொருள். அதை நீக்கிவிட்டுச் சரியான பதிப்பை நிறுவிக் கணினியை மறுபடி இயக்க வேண்டும்.

இணைத்தல்

திரையின் வலக் கீழ்மூலையில் உள்ள வலைக்குறியைச் சொடுக்கினால் சுற்றிலும் உள்ள வைஃபை பெயர்கள் வரிசையாகத் தோன்றும். உங்களுடையதைத் தேர்ந்து கடவுச்சொல்லை இட வேண்டும். ஒரே பெயரின் பின் 5ஜி என்ற குறியுடன் இன்னொன்றும் இருந்தால் அது 5 கிகாஹெர்ட்ஸ் பகுதி; கைப்பேசிச் சேவையின் ஐந்தாம் தலைமுறையோடு அதனைக் குழப்பிக்கொள்ள வேண்டா. ரூட்டர் அதே அறையில் இருந்தால் 5 பகுதியையும், இரு சுவர்களுக்கு அப்பால் இருந்தால் 2.4 பகுதியையும் தேர்வது நன்று. இது பொது வலையா, தனி வலையா என்று விண்டோஸ் கேட்டால் பொது என்பதையே தேர்ந்தெடுக்கலாம். அப்போது வலையில் உள்ள பிற கருவிகளுக்கு உங்கள் கணினி தென்படாது. அச்சுப்பொறியையோ கோப்புகளையோ பகிர வேண்டியிருந்தால் மட்டுமே தனி என்பது தேவை.

இணைந்தும் இணையம் வராவிடின் மூன்றைச் சோதிக்கலாம். கணினியின் இணைய முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் அதற்கு முகவரி வழங்கவில்லை; ரூட்டரை ஒருமுறை நிறுத்தி இயக்க வேண்டும். சிறிது நேரத்துக்கு ஒருமுறை இணைப்பு அறுந்தால், டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பண்புகளைத் திறந்து, மின்சிக்கனத்துக்காகக் கருவியை நிறுத்த அனுமதிக்கும் தெரிவை நீக்க வேண்டும். அலை வலுவின்றி இருந்தால் ரூட்டரின் இடத்தை மாற்ற வேண்டும். இரும்புப் பீரோ, குளிர்பதனப்பெட்டி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் அருகில் ரூட்டரை வைக்கலாகாது. தடித்த கற்சுவருள்ள பழைய வீடுகளில், கதவுக்கு நேராக, நெஞ்சளவு உயரத்தில் வைப்பதே பலனளிக்கும். அலையின் வலுவை டெசிபல் என்னும் அலகால் அளக்கிறோம். 10 டெசிபல் குறைந்தால் வலு பத்தில் ஒரு பங்காகிவிடும். ரூட்டரை இரண்டடி நகர்த்துவதாலேயே பெரும் மாற்றம் விளைவது இதனால்தான்.

நெடுநாள் இயக்காத பழைய கணினிகளில் மற்றொரு குறையும் நேரும். தாய்ப்பலகையில் உள்ள சிறு மின்கலம் தீர்ந்து, கணினியின் நாள் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருக்கும். வங்கித் தளங்கள் தம்மை மெய்ப்பிக்கக் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் நாள் தவறாயின் உலவி அச்சான்றிதழை ஏற்காமல் எச்சரிக்கை காட்டும். சலிப்படைந்த சிலர் எச்சரிக்கையைப் புறக்கணித்து உள்ளே செல்வதை வழக்கமாக்கிக்கொள்கின்றனர். அவ்வழக்கம் படிந்தால் உண்மையாகவே போலித்தளம் ஒன்று வரும் நாளிலும் அவர்கள் நில்லாமல் செல்வர். நாளையும் நேரத்தையும் திருத்தி மின்கலத்தை மாற்றுவதே சரியான தீர்வு.

விண்டோஸ் 10 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 அன்றோடு முடிவடைந்தன. அதனினும் பழைய பதிப்புகள் உள்ள கணினிக்குப் புதிய அடாப்டரைப் பொருத்துவது, கதவு உளுத்த வீட்டுக்குப் புதிய பாதை அமைப்பது போன்றதாகும். அத்தகைய கணினியைக் கணக்கெழுத வைத்துக்கொள்ளலாம். வங்கிப் பணிக்கு இயங்குதளத்தைப் புதுப்பித்தபின் பயன்படுத்துவதே முறை.

பூட்டும் முறை

இனி, நீக்கிய வேலியை மீண்டும் அமைக்கும் பணி. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது நவி மும்பையில் வசித்த அமெரிக்கர் ஒருவரின் வீட்டு இணைப்பிலிருந்து சென்றது எனக் காவல்துறை கண்டறிந்தது. அவருடைய கணினிகள் ஆய்வுக்கு எடுத்துச் செல்லப்பட்டன, அவர் விசாரிக்கப்பட்டார். அவருக்கு அதில் தொடர்பில்லை என்பதும், காப்பின்றி இருந்த அவரது வைஃபையைப் பிறர் பயன்படுத்தினர் என்பதும் பின்னரே தெளிவாயின. 2009ஆம் ஆண்டில் மையத் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைக் காப்புடன் வழங்குமாறு இணையச் சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. பூட்டாத வைஃபையால் இழப்பது தரவு மட்டுமன்று; பிறர் செய்ததற்கு விளக்கம் சொல்ல வேண்டிய நிலையும் நேரலாம் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

பூட்டுகளுக்கும் தலைமுறை உண்டு. முதலில் வந்த வெப் என்னும் பூட்டின் குறைபாட்டை ஆய்வாளர்கள் 2001ஆம் ஆண்டிலேயே வெளிப்படுத்தினர். இன்று அதைச் சில நிமிடங்களில் திறந்துவிடலாம். 2004ஆம் ஆண்டில் டபிள்யுபிஏ 2 வந்தது. அதிலும் ஓர் ஓட்டை இருப்பது 2017ஆம் ஆண்டில் தெரியவந்து, மென்பொருள் திருத்தங்களால் அடைக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டில் டபிள்யுபிஏ 3 அறிவிக்கப்பட்டது. ரூட்டரும் அடாப்டரும் மூன்றாவதை ஏற்குமாயின் அதைத் தேர்க. இல்லையேல் இரண்டாவதைத் தேர்க. வெப் மட்டுமே உள்ள ரூட்டரைக் கைவிடுவதே நன்று.

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைக் கணினியின் உலவியில் திறக்கலாம்; அதன் முகவரி பெரும்பாலும் ரூட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். அங்கு நான்கு பணிகளைச் செய்ய வேண்டும். முதலாவது, அமைப்புப் பக்கத்தின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவது. ஆலையில் இட்ட கடவுச்சொற்கள் பல உலகறிந்தவை. இரண்டாவது, வைஃபை கடவுச்சொல்லைப் புதிதாக அமைப்பது. மூன்றாவது, பொத்தானை அழுத்தியோ எட்டிலக்க எண்ணைக் கொண்டோ இணைக்கும் டபிள்யுபிஎஸ் வசதியை நிறுத்துவது. நான்காவது, விருந்தினருக்கெனத் தனி வலையை இயக்குவது. கடைக்கு வரும் வாடிக்கையாளர்க்கும் உறவினர்க்கும் அதன் கடவுச்சொல்லையே தர வேண்டும். கணக்குக் கணினி உள்ள வலைக்குள் அவர்கள் கைப்பேசிகள் வரலாகாது.

வைஃபை கடவுச்சொல்லில் 8 முதல் 63 எழுத்துகள் வரை இடலாம். எட்டோடு நிறுத்திக்கொள்வோரே மிகுதி. கைப்பேசி எண்ணையே இடுவோரும் உண்டு. பத்திலக்கக் கைப்பேசி எண்ணை அண்டை வீட்டார் அறிவர். கணினியும் விரைவில் ஊகித்துவிடும். தமிழறிந்தோர்க்கு இங்கு ஓர் எளிய வழி உண்டு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை எடுத்து, ஆங்கில எழுத்துகளில் எழுதி, இடையே ஓர் எண்ணைச் செருகலாம். உரல், வானவில், தபால், முந்திரி என்பது போன்ற வரிசை மனத்தில் நிற்கும், ஊகிப்பதற்கோ அரிது. பழமொழியோ பாட்டின் அடியோ ஆகாது. அவை பலர் அறிந்தவை. இங்குக் காட்டிய நான்கு சொற்களையும் அப்படியே பயன்படுத்த வேண்டா என்று தனியே சொல்லத் தேவையில்லை.

வங்கிப் பக்கத்தைத் திறக்கும் முன்

வீட்டு வலையைப் பூட்டியாயிற்று. வெளியிடங்களிலும் வைஃபை பெருகிவருகிறது. சிறு கடைக்காரரும் பொது வைஃபை வழங்க வழிசெய்யும் பிரதமர் வாணி திட்டத்துக்கு மைய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. பேருந்து நிலையத்திலும் விடுதியிலும் செய்தி படிக்கவும் பயணச்சீட்டைப் பார்க்கவும் இத்தகைய வலைகள் உதவும். பணப் பரிமாற்றத்துக்கு உங்கள் கைப்பேசியின் சொந்தத் தரவையே பயன்படுத்துவது நன்று. வலையின் பெயரை எவரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். பெயரைக் கண்டு நம்புவதற்கில்லை.

வங்கித் தளத்தின் முகவரியை நீங்களே தட்டித் திறக்க வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைச் சொடுக்கலாகாது. முகவரியின் பக்கத்தில் பூட்டுக்குறி இருப்பது, இடையில் எவரும் ஒட்டுக்கேட்க இயலாது என்பதை மட்டுமே காட்டும். மறுமுனையில் இருப்பது நம் வங்கிதான் என்பதை முகவரியின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தே உறுதிசெய்ய வேண்டும்.

எவ்வளவு விழிப்பாக இருந்தும் கணக்கில் அறியாத பற்று ஒன்று தோன்றினால், காலமே பணம். இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் குறையில்லாது வேறிடத்து மீறலால் நேர்ந்த மோசடியை, வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு எப்பொறுப்பும் இல்லை என்று வகுத்தது. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வரம்புக்குட்பட்ட பொறுப்பு உண்டு. ஆனால், கடவுச்சொல்லையோ ஓடிபியையோ தாமே பகிர்ந்தது போன்ற கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையில் ஏற்படும் இழப்பு முழுவதும் வாடிக்கையாளரையே சாரும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் நடப்பிலுள்ளவற்றைக் கிளையில் கேட்டறியலாம். மோசடி தெரிந்தவுடன் வங்கிக்கும், 1930 என்னும் தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குள் அதை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.

அடாப்டரைச் செருகியவுடன் இணையம் வந்துவிடுகிறது. அதனால் பலர் அங்கேயே நின்றுவிடுகின்றனர். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் செலவிடும் அடுத்த பதினைந்து நிமிடங்களே அந்த இணையத்தை உங்களுக்கு மட்டும் உரியதாக்குகின்றன. இந்த வார விடுமுறையில் அப்பக்கத்தை ஒருமுறை திறந்து, நிர்வாகக் கடவுச்சொல் ஆலையில் இட்டதாகவே இருக்கிறதா என்று மட்டுமேனும் பார்த்துவிடுங்கள். அவ்வாறே இருந்தால், அதை அன்றே மாற்றிவிடுங்கள்.